கேட்காமல் வைத்த சந்தனம்

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. அன்று சரஸ்வதி பூஜை நவமி. பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தன்தான் இருந்தேன். குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தேன். தங்கநேசம் டீச்சர் நின்றார். சேலைக் கரையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. வடசேரி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மழைத் தூறலில் நடந்தே வந்திருக்கிறார்.

"சார், அலமாரிச் சாவி வேணும்," என்றார்.

எண்ணெய்க் கிண்டியைத் தரையில் வைத்தேன். அவர் தேடி வந்த பொருள் அலமாரியில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது என் முதுகுக்குப் பின்னால், பூஜையில் அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் இருந்தது. அதன் மேல் சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, ஒரு செம்பருத்திப் பூவும் இருந்தது. எல்லாம் நான் வைத்தவை.

அவர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் போகிறார்.

ஒரு கடிதத்துக்குப் பதில்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஓர் அன்பர் போன வாரம் கார்டு போட்டிருந்தார். "ஊரார் தப்பையெல்லாம் விலாவாரியாக எழுதுகிறீரே, நீர் வாத்தியாராக இருந்து ஒரு தப்பும் செய்ததில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கொஞ்சம் கோபம் வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. செய்திருக்கிறேன் ஐயா. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

திருவிதாங்கூர் ராஜ்யத்தில், முப்பதுகளின் நடுவில் நடந்தது. பூதப்பாண்டிக்கு வடக்கே வயலும் வாய்க்காலுமாக ஓர் ஊர். பேரைச் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். அங்கே நாலு வகுப்பு வரை ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். நான் ஹெட்மாஸ்டர், வயது இருபத்தேழு. மீசை பெரிசு, அனுபவம் சிறிசு.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சைவ வேளாளர் தெரு. அந்தப் பக்கம் வேதக்காரத் தெரு. வேதத்தில் சேர்ந்தவர்கள், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். இரண்டு தெருவுக்கும் எங்கள் பள்ளிக்கூடம்தான் பொது. எண்பது பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கிருந்து, பாதிப் பேர் இங்கிருந்து. கோயிலில் சந்திக்க மாட்டார்கள், சபையில் சந்திக்க மாட்டார்கள், கல்யாணப் பந்தியில் கண்டிப்பாகச் சந்திக்க மாட்டார்கள். என் பெஞ்சில்தான் சந்தித்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்கு நாங்கள் இல்லாவிட்டால் நாலு மைல் தள்ளித்தான் வேறு பள்ளிக்கூடம். நாலு மைல் என்றால் பெண் பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் பூதலிங்கம் பிள்ளை. ஊரில் பெரிய வயல்காரர். தங்கநேசம் டீச்சரைச் சர்க்கார் இரண்டாவது ஆசிரியையாகப் போட்டபோது அவர் என்னிடம் வந்து, "என்னவே வாத்தியாரே, வேதக்காரியக் கொண்டு வந்து விட்டிருக்கானுவ. நம்ம பிள்ளையள வேதத்துல சேத்துட்டுப் போயிருவா, பாத்துக்கிடும்," என்றார்.

டீச்சருக்கும் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அவர் வகுப்பில் ஒரு வேத வசனம் சொன்னதில்லை. ஒரு கீர்த்தனையை வாய்க்குள் முணுமுணுத்ததுகூட இல்லை. மத்தியான இடைவேளையில் பின்பக்கத்துப் புன்னை மரத்தடியில், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் வேதபுத்தகத்தைத் திறந்து பத்து நிமிஷம் வாசிப்பார். பிறகு வெள்ளைத் துண்டில் பொதிந்து அலமாரியில் வைத்துவிடுவார். அது அவர் அப்பாவின் புத்தகம். அப்பா தக்கலைக்கு அப்பால் ஒரு சபையில் உபதேசியாராக இருந்தவர்.

பொட்டலத்தில் திருநீறு

இங்கே என்னுடைய பழைய கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது விளங்கும்.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். நல்ல பள்ளிக்கூடம், குறை சொல்ல மாட்டேன். முதல் பீரியட் வேதபாடம். எங்களைப் போல வேதத்தில் சேராதவர்கள் விருப்பமிருந்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் வெளியே இருக்கலாம். நான் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் பரிசுகூட வாங்கினேன்.

ஆனால் தினமும் காலையில் அம்மா நெற்றி நிறையப் பூசிவிடும் திருநீற்றை, பள்ளிக்கூடத்துக்கு முந்தின கல்பாலத்தில் நின்று அழித்துவிடுவேன். யாரும் அழிக்கச் சொன்னதில்லை. அழிக்காவிட்டாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் ஒரு கூச்சம், ஒரு பயம். சாயங்காலம் அதே பாலத்தில் நின்று, சட்டைப் பையில் பொட்டலமாக வைத்திருக்கும் திருநீற்றை மறுபடி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஆறு வருஷம் இப்படி இரண்டு நெற்றியோடு நடந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரிந்திருக்கும் என்று தினமும் பயந்தேன்.

சர்க்கார் வேலை கிடைத்ததும் எனக்கு நானே ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டேன். என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் பாலத்தில் நிற்கக் கூடாது. பூசினவன் பூசினபடி வரட்டும், பூசாதவன் அப்படியே வரட்டும்.

அதைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்திருந்தேன். பூஜைக்கு அவல், பொரி, சுண்டல் படைப்போம். படைத்ததை வேதக்காரப் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். ஆகவே படைப்பதற்கு முன்னாலேயே அவர்கள் பங்கை வேறு பெட்டியில் எடுத்துவைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். என்னைப்போல நியாயஸ்தன் தோவாளைத் தாலுகாவிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

அஷ்டமி சாயங்காலம்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. ஓர் எழுத்து வாசிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இடையில் எடுத்தால் கற்ற வித்தை மங்கிப்போகும் என்பார்கள். பிள்ளைகளுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இல்லை.

அந்த அஷ்டமியன்று மத்தியானம் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பாவுக்கு மூச்சுத் திணறல், உடனே வரவேண்டும். டீச்சர் அடுத்த நிமிஷமே கிளம்பிவிட்டார். வெள்ளைத் துண்டுப் பொதி அலமாரியிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் நான் அலமாரியைக் காலி செய்தேன். ரிஜிஸ்தர்கள், நிலப்படம், பிரம்பு எல்லாம் பூஜைக்குப் போகும். பிரம்புக்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு. கடைசியில் அந்தப் பொதி மட்டும் மிஞ்சியது. பிரித்துப் பார்த்தேன்.

விட்டுவிட்டிருக்கலாம். எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு ஒருத்தரை மட்டும் வாசலில் நிறுத்தியதுபோல எனக்குத் தோன்றியது. மரியாதைக்குறைவு என்று பட்டது. எடுத்து உச்சியில் வைத்தேன், கறுப்புத் தோல் அட்டையில் சந்தனம் இட்டேன்.

பூஜைக்கு வந்திருந்த பூதலிங்கம் பிள்ளை பக்கத்தில் நின்று, "அது என்ன புஸ்தகம் வே?" என்று கேட்டார்.

"டீச்சருக்க வேதபுஸ்தகம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். புஸ்தகம்னா எல்லாம் சரஸ்வதிதான்," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் பெருந்தன்மையை நாங்களே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நவமி மத்தியானம்

இனி அந்தக் குடைக்கு வருகிறேன்.

"அப்பா எப்படி இருக்காவ டீச்சர்?" என்று கேட்டேன். நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் கேட்டேன்.

"பேச்சுக் குறைஞ்சிட்டு சார். கண்ணும் தெரியல. அவங்க புஸ்தகத்துல இருந்து ஒரு சங்கீதம் வாசின்னு கேக்காவ. வேற புஸ்தகத்துல வாசிச்சா, இது என் புஸ்தகமில்லன்னு கையால துழாவிப் பாத்துச் சொல்லிட்டாவ. சாயங்கால பஸ்ஸப் பிடிச்சுப் போயிரணும். சாவியத் தாங்க."

நான் நகர்ந்து நின்றேன்.

அவர் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். முகம் வெளுத்துப்போயிற்று, அவ்வளவுதான். குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரு வச்சது?"

"நான்தான். மரியாதைக்குத்தான் வச்சேன் டீச்சர். எல்லாத்தையும் வச்சிட்டு இத மட்டும் விடக் கூடாதுன்னு..."

"எங்கிட்ட கேட்டியளா சார்?"

"இல்ல டீச்சர்."

"கேக்காமச் செய்யுத மரியாதை எனக்கு வேண்டாம் சார். எடுத்துத் தாங்க."

அந்தச் சமயம் பார்த்துப் பூதலிங்கம் பிள்ளை சுண்டல் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். விஷயம் கேட்டதும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குறுக்கே நின்றார். டீச்சரிடம் தணிவாகத்தான் பேசினார்.

"அம்மா, இன்னும் ஒரு ராத்திரிதானே. காலம்பற பூஜை எடுத்ததும் நானே வண்டி கட்டி ஆளு வசம் குடுத்து விடுதேன். இப்ப எடுக்கப்பிடாது."

"அப்பாக்கு ஒரு ராத்திரி இருக்கான்னு எனக்குத் தெரியாது ஐயா."

பிள்ளை என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நடுவுல பூஜையக் கலைச்சா அத்தனை பிள்ளையளுக்க வித்தையும் மங்கிப் போவும். பழி உம்ம தலையிலதான் விடியும். சொல்லிட்டேன்."

இந்தக் காலத்து ஆசாமிகள் படித்தால் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் நம்புகிறவன். அந்த அடுக்கில் நாற்பது பிள்ளைகளின் அரிச்சுவடி இருந்தது, வரப்போகும் என் சொந்தப் பிள்ளைக்காக வாங்கிவைத்த ஏடும் இருந்தது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். கை நீட்டினால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். நீட்டாவிட்டால் தக்கலைக்கு அப்பால் ஒரு கிழவர் வெறும் காதோடு போய்விடுவார். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்றேன்.

ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்னுடைய நம்பிக்கைக்கு என்னுடைய புத்தகத்தை வைக்கலாம். அவருடையதை வைக்க எனக்கு என்ன பாத்தியதை?

"தாயே, தப்பு என்னுது. பிள்ளையள ஒண்ணும் செய்யாதே," என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு எடுத்தேன். செம்பருத்தி கீழே விழுந்தது. மேல்துண்டால் அட்டையைத் துடைத்தேன். சந்தனம் தோலின் சுருக்கத்துக்குள் இறங்கியிருந்தது, போகவில்லை.

"தொடைக்காண்டாம் சார். நேரமாச்சு," என்று வாங்கிக்கொண்டு டீச்சர் மழையில் இறங்கிவிட்டார். பிள்ளை சுண்டல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ஆளில்லாத மணி

விஜயதசமி கழிந்து பள்ளிக்கூடம் திறந்தேன். மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் அடித்தேன். வயலில் உழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேளாளர் தெருவில், பூஜையைக் கலைத்த வாத்தியாரிடம் பிள்ளைகளை விட மாட்டோம் என்று பேச்சு. வேதக்காரத் தெருவில், பைபிளுக்குக் குங்குமம் வைத்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பேச்சு. ஊரில் இரண்டு தெருவும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை அன்றுதான் முழுசாக அனுபவித்தேன்.

வாய்க்காலைக் கடந்து ஞானமுத்து வீட்டுக்குப் போனேன். மூன்று பெண்களையும் எங்களிடம் அனுப்பியிருந்தவர். அவர் எழுந்து நின்றார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"சார், சர்க்கார் பள்ளிக்கூடத்துல நம்ம சாமிய யாரும் தொடமாட்டாவன்னு சபையில நான்தான் சண்டை போட்டு இதுகள அனுப்பினேன். இப்ப எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்துக் கேக்காவ. நான் என்ன சொல்ல?" என்றார்.

உள்ளே அவருடைய மூத்த பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பன்னிரண்டு நாள். காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் தினமும் ஹாஜர் புத்தகத்தைத் திறந்து, எண்பது பேருக்கும் 'வரவில்லை' போட்டேன். பிள்ளைகள் வராத பள்ளிக்கூடத்தைச் சர்க்கார் மூடிவிடும். மூடினால் எனக்கு வேறு ஊர் கிடைக்கும். ஞானமுத்துவின் அந்தப் பெண்ணுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்காது. மனைவிக்கு லேசாக வயிற்றுவலி என்றாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதற்குள் இரண்டு மனுக்கள் மேலே போய்விட்டன. ஒன்று பிள்ளை எழுதியது, இன்னொன்று சபையார் எழுதியது. விசாரணைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது.

இரண்டு வரி

இன்ஸ்பெக்டர் வந்த நாளில்தான் டீச்சரும் அப்பாவின் அடக்கமும் துக்க நாட்களும் முடிந்து திரும்பி வந்தார். வெள்ளைச் சேலை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"வாசிச்சியளா டீச்சர்?"

"வாசிச்சேன் சார். ரெண்டு நாள் கேட்டுக்கிட்டுக் கிடந்தாவ." பிறகு, "சந்தனம் மணக்குதே, யாரு வீட்டுல கல்யாணம்னு கேட்டாவ. நான் ஒண்ணும் சொல்லல," என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் திருவனந்தபுரத்துக்காரர். முதலில் என் வாக்குமூலத்தை வாங்கினார். நான் மூன்று பக்கம் எழுதினேன். பிள்ளை நாலு பக்கம் கொடுத்தார். ஞானமுத்துவும் வந்து ஒரு பக்கம் சொல்லி எழுதவைத்தார். கடைசியில் டீச்சரிடம் காகிதத்தை நீட்டினார்கள். என் வேலை அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அவர் எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் அதைச் சத்தமாக வாசித்தார். "என்னிடம் கேட்காமல் என் புத்தகத்தைப் பூஜையில் வைத்தார். நான் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்."

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் நடக்கல சார்," என்றார் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஹெட்மாஸ்டரே, இது கோயிலும் அல்ல, சர்ச்சும் அல்ல. எல்லாருடைய வரியிலும் நடக்குற இடம். பூஜை வேணும்னு சொல்லுறவருக்குப் பூஜை. வேண்டாம்னு சொல்லுறவருடைய சாமான் மேல ஒரு விரல் படக் கூடாது. ஆரிடமும் கேட்காம ஒண்ணும் செய்யக் கூடாது. மனசிலாயோ?" என்றார். மனசிலாயிற்று. என் சர்வீஸ் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கையும் விழுந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கும்.

அன்று சாயங்காலம் டீச்சர் என்னை வேதக்காரத் தெருவுக்குக் கூட்டிப்போனார். "எம் புஸ்தகம்தான் அது. நான் அங்க வேலைக்குப் போறேன். பின்ன உங்க பிள்ளையள ஏன் நிறுத்துதிய?" என்று ஞானமுத்துவிடம் கேட்டார். மறுநாள் மூன்று பெண்களும் வந்தார்கள். மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். எங்கள் வேளாளர் தெருவுக்கு நான் தனியாகப் போய், வீடு வீடாகத் திட்டு வாங்கினேன். பூதலிங்கம் பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் வர மார்கழி ஆயிற்று. அந்த மாதமே என் பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

அடுத்த அஷ்டமி

மறுவருஷம் அஷ்டமிக்கு முந்தின நாள். இன்ஸ்பெக்டர் சொன்னபடி ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டேன். வேதக்காரப் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். அது தெரிந்த பதில்தான், அவர்கள் புத்தகங்களைக் கையில் கொடுத்து அனுப்பினேன். எங்கள் தெருப் பிள்ளைகளிடம் பேருக்குக் கேட்டுக்கொண்டே வந்தேன். வைங்க சார், வைங்க சார் என்று வரிசையாகக் கொடுத்தார்கள்.

கடைசி பெஞ்சில் பூதலிங்கம் பிள்ளையின் கடைக்குட்டி மகள் சிவகாமி இருந்தாள். நாலாம் வகுப்பு. புத்தகத்தை மடியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"உன் புஸ்தகத்த வைக்கட்டா மக்கா?"

"வேண்டாம் சார்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா?"

"ரெண்டு நாளும் எனக்கு வாசிக்கணும் சார். கதை பாதியில நிக்கி."

போன வருஷத்துப் புண்ணே இன்னும் ஆறவில்லை. இதைக் கேட்டால் பிள்ளை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதட்டி வாங்கிவிடலாம், ஒரு பார்வை போதும். பத்து வயதுப் பிள்ளை அழுதுகொண்டே கொடுத்துவிடும், ஊரில் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். தங்கநேசம் டீச்சர் கரும்பலகைப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"சரி மக்கா. நீயே வச்சுக்கோ," என்றேன்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு, அவள் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, பூதலிங்கம் பிள்ளை வீட்டை நோக்கி நடந்தேன்.